குறியீடு 99

படிவம் ஒன்றுக்கு நூற்றுப்பத்து ரூபாய்.
பெரும்பாக்கம், எட்டு மாடி, லிஃப்ட் ஓடாத பிளாக்.
கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட்,
பையில் பாதி பாட்டில் தண்ணீர்.
கூவம் கரையிலிருந்து கொஞ்சம் பேரையும்
அடையாற்றங்கரையிலிருந்து மிச்சம் பேரையும்
லாரியில் ஏற்றிவந்து
குலுக்கல் போட்டுக் கதவெண் கொடுத்து
அடுக்கிவைத்த ஜனங்களுக்குள்
யாருக்கு யார் என்று
கேட்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

கேள்வி பதினான்கு:
அவசரத்துக்கு ஐந்நூறு ரூபாய் வேண்டுமென்றால்
யாரிடம் கேட்பீர்கள்?

ஏகவல்லியக்கா, என்றாள் முதல் மாடி ஷம்ஷாத்.
ஏகவல்லிகிட்டதான், வேற யாரு, என்றார்
மூன்றாம் மாடி மீன்பாடி வண்டி சூசைமாணிக்கம்.
பதினோரு வீட்டில் அதே பெயர்.
பதினோரு அம்புக்குறி வந்து குத்தும் அந்த வட்டத்தை
ஆறாம் மாடி ஏறிப்போய்ப் பார்த்தேன்.
மாவு அரைத்துக்கொண்டிருந்தது.
அதனிடமும் பதினான்கைக் கேட்டேன்.
கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.
கிரைண்டர் நிற்கும்வரை யோசித்தாள்.
"கம்மலுன்னு எழுதிக்கோ" என்றாள்.

படிவத்தில் கம்மலுக்கு எண் இல்லை.
99 போட்டேன். 99 என்றால் மற்றவை.

ரத்தினவேலுக்கும் எதிர்வீட்டு டேவிட்பாபுவுக்கும்
பேச்சு நின்று நாலு வருஷம்.
தண்ணி லாரி வரிசையில்
ஒரு பச்சைக் குடம் ஒரு அடி முன்னால் நகர்ந்துவிட்டது.
கேள்வி பத்தொன்பது:
ராத்திரி நெஞ்சு வலித்தால் யார் கதவைத் தட்டுவீர்கள்?
ரத்தினவேல் முகவாயால் எதிர்க்கதவைக் காட்டினார்.
"அவர்கூடப் பேச்சே இல்லன்னீங்களே சார்?"
"பேச்சுதான் இல்ல. தட்டுனா தொறப்பான்."
இதற்கும் 99.

எழிலரசியைப் பற்றி எழுதாமல் விட்டுவிடலாமென்று இருந்தேன்.
நெருங்கிய தோழி என்ற இடத்தில்
பர்வீன், பர்வீன், பர்வீன் என்று
மூன்று கட்டத்தையும் நிரப்பினாள்.
பர்வீன் நான்கு பெயர் சொன்னாள்.
நான்கில் எழிலரசி இல்லை.
மறுநாள் மாடிப்படியில் மறித்துக் கேட்டாள்:
"அவ யார் பேர் சொன்னா, மிஸ்?"
விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படும் என்று
முதல் பக்கத்தை வாசித்துக் காட்டியதே நான்தான்.
காத்தேன்.
முகத்தை மட்டும் காக்கத் தெரியவில்லை.

தரமணியில், ஏசி அறையில்,
எல்லாவற்றையும் சேர்த்துத் திரையில் போட்டார்கள்.
சிலந்தி ஒன்று குடித்துவிட்டுக் கட்டிய வலை மாதிரி இருந்தது பிளாக்.
ஓரத்தில், கோடே தொடாமல், ஒரு புள்ளி.
"இதை எடுத்துடலாம்" என்றார் பேராசிரியர்,
"படம் நீட்டா இருக்கும்."
எடுத்தார்கள்.

அது குணாளன். ஏழாம் மாடி, பன்னிரண்டாம் எண்.
முப்பத்திரண்டு கேள்விக்கும் "யாருமில்ல" என்றவர்.
கடையில் உப்பு கேட்கும் குரலில் சொன்னார்.
எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

புள்ளியை எடுத்ததற்கு ஒரு வாரம் முன்பு,
கடைசி நாள் சாயங்காலம்,
இலவச பஸ் போய்விட்டது.
போனில் சார்ஜ் இல்லை, பர்ஸில் எட்டு ரூபாய்.
ஷேர் ஆட்டோவுக்கு முப்பது கேட்டான்.
பதிலளிப்போரிடம் எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாதென்பது
எங்கள் விதி, கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
வாசலில் கேன் தண்ணீரைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தார் குணாளன்.
"சார், ஒரு முப்பது ரூபா இருக்குமா?"
கேனை இறக்கினார்.
சட்டைப் பையில் மூன்று பத்து ரூபாய், ஈரத்தோடு.
என் டேப்லெட்டைப் பார்த்தபடி கேட்டார்:
"இது எத்தினாவது கேள்வி?"

மூன்று மாதமாகிறது.
அறிக்கை வந்துவிட்டது, வழவழத்த அட்டை.
அவர் நம்பர் என்னிடம் இருக்கிறது.
ஜிபேயில் அனுப்ப அரை நிமிஷம் ஆகாது.
இரண்டு தரம் எண்ணை அடித்து அழித்தேன்.

அனுப்பவில்லை.
பாக்கி இருக்கட்டும்.