மீன் வாசம்

ரத்தம் கொடுத்த அன்று மாலையே அழைத்துவிட்டார்கள்.
"படி ஏறாதே, ரன்வோ. அப்படியே உட்கார்."
துவைத்த துணியோடு
ஏழாம் படியில் நின்றுகொண்டிருந்தேன்.

உடம்பின் அடுப்புக்குக்
கொழுப்பை விறகாய்ச் சுமக்கும் கூலியாள் ஒருவன் உண்டாம்.
என் செல்கள் அவனுக்குக் கதவு திறப்பதில்லையாம்.
அப்பாவிடம் ஒரு பழுதுத் தாழ்ப்பாள், அம்மாவிடம் ஒன்று;
எனக்கு இரண்டும்.
பதினெட்டுத் தீவும் ஒரே பங்காளிக் கூட்டம்,
எந்த வீட்டிலிருந்து வந்தது என்று
யாரிடம் போய்ச் சண்டை போட?

இத்தனை நாள் எப்படித் தாங்கினாய் என்றார் மருத்துவர்.
ஆட்டுக்கறி என்றேன். காற்றில் உலர்த்தியது. தினமும்.
அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்.

தங்கை சோல்ரூன் படிக்கப் போனது கோபன்ஹேகனுக்கு.
போன மாதமே கறியை விட்டாள்.
பருப்பும் கீரையுமாய்ப் படம் எடுத்து அனுப்புவாள்,
நான் கேலி செய்வேன்.
ஒரு காய்ச்சல். அதற்கு ஏதோ மாத்திரை.
சைக்கிள் நிறுத்தத்தில் கிடந்தாள், இருபத்தொரு வயது.
பூட்டில் சாவி
பாதி திரும்பியிருந்தது.

அதற்குப் பிறகுதான் எங்களிடம் ரத்தம் கேட்டார்கள்.

இப்போது மூன்று வேளையும் மருந்து.
வியர்வை மீனாய் நாறும் என்று எச்சரித்தார்கள்.
சால்மன் ஆலையில் வேலை எனக்கு,
பதினோரு வருடமாய் நாறுகிறேன்,
யாருக்கு வித்தியாசம் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் மட்டும்
பக்கத்தில் இருப்பவள்
சற்று நகர்ந்து உட்கார்கிறாள்.
நகரட்டும்.
இதயம் அடித்துக்கொண்டிருக்கிறது.