இடது கன்னம்

ஏழு பேர் எழுதுவது என்று முடிவானபோது
எட்டாவதாக நான் எதற்கென்று யாரும் கேட்கவில்லை.
மர ஆலையில் கணக்கெழுதுகிறவள்,
காதில் எப்போதும் பென்சில் இருக்கும்.
அது போதுமென்று நினைத்திருப்பார்கள்.

ஒரே நோட்டு. நீல அட்டை.
மோல்மேனில் படகேறி, மர்த்தபானில் ரயில் பிடித்து,
தட்டோன், பிலின், சாய்த்தோ, பெகு என
ஆளுக்கு ஆள் இறங்கி ஏறி
ரங்கூன் போய்ச் சேர வேண்டும்.
கார்டு அதைப் பச்சைக்கொடியில் சுற்றி வைத்துக்கொள்வார்.
கூலி, நடைக்கு ஒரு கட்டுச் சுருட்டு.

விதிகளை முதல் பக்கத்தில் நான்தான் எழுதினேன்.
ஆளுக்குப் பன்னிரண்டு பக்கம், பத்து நாள்.
எல்லாம் கனவு என்று சொல்லித் தப்பக் கூடாது.
பிறர் பெற்ற பிள்ளையைக் கேட்காமல் கொல்லக் கூடாது.

தையற்கடை இஸ்ரவேல் தொடங்கிவைத்தார்.
பன்னிரண்டு பக்கமும் ஆறு.
கரையில் ஒரு மனிதரும் இல்லை.

தட்டோனில் சூசையம்மாள், பிரசவ நர்ஸ்,
பொறுக்கமாட்டாமல் ஓர் ஆளைப் பெற்றுப் போட்டாள்:
மரியதாஸ், தோணிக்காரன்,
இடது கன்னத்தில் தழும்பு.
பிலினில் தான் ஊ என்கிற தனுக்கோடி
தழும்பை வலது கன்னத்துக்குக் கொண்டுபோனார்.
சாய்த்தோவில் அப்துல் சுக்கூர் அவனுக்கு
இரண்டு மனைவியும் ஒரு கிளாரினெட்டும் வாங்கிக் கொடுத்தார்.
பெகுவில் நாச்சியப்பன்
(சுக்கூரோடு அவருக்கு அரிசி மூட்டையில் பழைய வழக்கு)
ஏழாம் பக்கத்திலேயே அவனை ஆற்றில் தள்ளிவிட்டார்.
மீதி ஐந்து பக்கமும் மழை.

கடிதங்கள் வந்தன.
சுக்கூருடையது ஒன்பது தாள், பாதி வசவு.
சூசையம்மாள் ஒரே வரி:
'விடிய விடிய வலித்துப் பெற்றேன், பார்த்துக்கொள்.'

பார்த்துக்கொள்வதுதானே என் வேலை.
சனிக்கிழமை ஆலைச் சங்கு ஊதியதும் படகேறினேன்.
பெகுவில் கரண்ட் இல்லை.
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாச்சியப்பன்
மூன்று கோப்பை தேநீர் குடிக்கும்வரை பேசவில்லை.
பிறகு சொன்னார்:
'தள்ளினேன் என்றுதானே எழுதியிருக்கிறேன்.
செத்தான் என்று எங்கே இருக்கிறது?'
வியாபாரியின் வாக்கு.
அதில் ஓர் ஆள் நுழையும் சந்து இருந்தது.

ரங்கூனில் பொற்கொடி, தட்டச்சுக்காரி,
அவனைக் கரையேற்றி, சவரம் செய்ய உட்காரவைத்தாள்.
கண்ணாடியில் பார்த்தான்,
தழும்பு பக்கம் மாறியிருந்தது.
அதை வாசித்துவிட்டு ஆலையில் தனியாகச் சிரித்தேன்.
மேஸ்திரி திரும்பிப் பார்த்தார்.

சிரியத்து எண்ணெய் ஆலை வேலாயுதம்
ஒரே மனைவியோடு கதையை முடித்தார்.
இன்னொருத்தி எங்கே போனாள் என்று
இன்றைக்கும் தெரியாது.

சுத்தப் பிரதி எடுக்கும்போதுதான் உறைத்தது:
ஆற்றில் விழுந்தவனுக்கும் கரையேறியவனுக்கும் நடுவில்
ஒன்றுமே இல்லை, வெறும் தண்ணீர்.
நெடுநேரம் பென்சிலைக் கடித்தேன்.
பிறகு ஒரு வரி, என்னுடைய ஒரே வரி:
'இருட்டில் யாரோ ஒரு விளக்கைத்
தண்ணீர்மட்டத்துக்கு இறக்கிப் பிடித்தார்கள்.'
முழுப் பிரதியும் என் கையெழுத்து.
யாருக்குத் தெரியப்போகிறது.

பள்ளிக்கூட ஹாலில் வாசித்தோம்.
தகரக் கூரையில் மழை, கத்தித்தான் படிக்க வேண்டியிருந்தது.
ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசிக்கட்டும் என்று
நான் சொன்னதற்கு முணுமுணுப்பு.
சுக்கூர் கையில் நாச்சியப்பன் அத்தியாயம்.
அந்த வரி வந்ததும் நிறுத்தினார்,
திரும்ப ஒருமுறை வாசித்தார்.
'இது யாருடையது?'

நாச்சியப்பன் இருமிக்கொண்டு தலையசைத்தார்.
பொற்கொடி தன்னுடையதாக இருக்கும் என்றாள்.
இஸ்ரவேல், ஆறு வருகிறதே, என்றார்.
சூசையம்மாள் மட்டும்
என் காதிலிருந்த பென்சிலைப் பார்த்தாள்,
பார்த்துவிட்டு மழைக்கு ஜன்னலைச் சாத்தப் போனாள்.

நான் டீக்கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.
கார்டுக்கு இன்னும்
இரண்டு கட்டுச் சுருட்டு பாக்கி.