உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில்

இரவு பதினொன்றுக்கு ஆறு நிமிடம்.
வால்மியெராவில் பனி கொட்டுகிறது.
என் சமையலறை மேசையில்
கைபேசி, ஆறிப்போன பீட்ரூட் சூப்,
கடலுக்கு அப்பால் ஸ்வீடனில்
மூடிப்போன பம்பு ஆலையின் லேத்:
சரக்கு எண் எழுபத்து மூன்று.

ஏழு படங்கள்.
ஏழும் இடப்பக்கத்திலிருந்து.
வலப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே
படம் எடுத்தவன் மறந்துவிட்டான்.
பல்லைப் பிடித்துப் பார்க்க முடியாத சந்தை இது.
பச்சைப் பெயின்ட் மட்டும் பளபளக்கிறது
துக்க வீட்டில் உதட்டுச்சாயம் போல.

'உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில்'
என்கிறது எறும்பெழுத்தில் அடிக்குறிப்பு.
கல்யாண உறுதிமொழியில்கூட
இவ்வளவு நேர்மை கிடையாது.
இரண்டு முறை எடுத்தவள் சொல்கிறேன்.

என் எல்லை நாலாயிரத்து ஐந்நூறு யூரோ.
காகிதத்தில் எழுதி, அடிக்கோடு போட்டு,
சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன்.

கடைசி நொடியில் யாராவது விலை ஏற்றினால்
கடிகாரம் இரண்டு நிமிடம் நீளும்.
2086 ஏற்றினார்.
நான் ஏற்றினேன்.
2086 ஏற்றினார்.
பெயரில்லை, முகமில்லை,
கூட்டத்தில் கேட்கும் ஒரு இருமல்கூட இல்லை.
ஒரு எண்ணை இத்தனை வெறுக்க முடியும் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டு நிமிடம்.
ஆறாயிரத்து முந்நூற்றைம்பது.
திரை பச்சையானது: வாழ்த்துகள்.
சர்க்கரை டப்பா பக்கம்
நான் திரும்பவே இல்லை.

ஆனை வாங்கியாயிற்று.
துறட்டிகள் ஒவ்வொன்றாக வந்தன:
ஏலக்காரர் தரகு பதினெட்டு விழுக்காடு,
அதன் தலையில் வரி,
கழற்றி ஏற்ற ஃபோர்க்லிஃப்ட்
(அவர்கள் சொல்லும் ஆள், அவன் சொல்லும் கூலி),
வெள்ளிக்கிழமைக்குள் எடுக்காவிட்டால் நாள் வாடகை,
புயலுக்கு நின்ற கப்பல்,
வென்ட்ஸ்பில்ஸ் துறைமுகத்தில்
மூன்று நாள் தூங்கிய லாரி.

மூன்று டன் இரும்பு கொட்டகையில் இறங்கியபோது
வலப்பக்கத்தை முதன்முதலாகப் பார்த்தேன்.
மின்பெட்டி இருந்த இடத்தில்
ஒரு பிடி அறுந்த ஒயர்.
செம்புக்காக யாரோ கை வைத்திருக்கிறார்கள்.
சக்குக்கு அருகே பெட் தேய்ந்து மயிரிழைப் பள்ளம்.
கையால் சுற்றினால்
பேரிங்குக்குள் ஒரு பூனை உறுமியது.
அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

அடி அலமாரி பூட்டியிருந்தது.
சாவி இல்லை. கடப்பாரை இருந்தது.
உள்ளே,
மெழுகுத்தாள் பிரிக்காத நாலுதாடை சக்,
அப்போதுதான் பிறந்ததுபோல் பிசுபிசுத்து.
அளவு வாரியாக முப்பது கோலெட்.
கடையில் மூவாயிரத்துக்குக் குறையாது.
பட்டியலில் ஒரு வரிகூட இல்லை.
விற்றவனுக்கே தெரியாமல்
வாங்கியிருக்கிறேன்.
கதவின் உட்புறம் பென்சிலில் ஏதோ ஸ்வீடிஷ்.
கைபேசி பெயர்த்துச் சொன்னது:
'திங்கள் காலையில் முறைக்கும்.
பத்து நிமிடம் சும்மா ஓடவிடு.'

ஏப்ரலில் ஓடியது.
புது ஒயர், புது பேரிங், கடன் வாங்கிய பணம்.
மர ஆலைக்கு ஒரு தண்டு கடைந்தேன்;
சீவல் நீலச் சுருளாய் எழுந்து
என் காலணிமேல் விழுந்தது.
பெட்டில் பள்ளம் இருக்கும் இடத்தை
இப்போது கை அறியும்; அங்கே சற்று அழுத்துவேன்.

இரண்டு தெரு தள்ளிப் பட்டறை வைத்திருக்கும்
குன்டார்ஸ் வந்தான், பதினாறு எம்எம் கோலெட் இரவல் கேட்டு.
'அடப்பாவி, நீதானா அது?' என்றான்.
'நான் கப்பலேறிப் போய் நேரில் பார்த்தேன்.
பெட் தேய்ந்திருந்தது. நாலாயிரத்தோடு இறங்கிவிட்டேன்.'

'2086 நீதானே?'

'இல்லையே. 1190.'

அப்படியானால் அதற்கு மேல்
ஒரு மணி நேரம் நான் மல்லுக்கட்டியது யாரோடு?
என்னைப்போல் சூப்பை ஆறவிட்ட ஒருவரா,
விற்றவனின் மைத்துனனா,
ஆளே இல்லாத வெறும் எண்ணா?

இன்று திங்கள்.
லேத் சும்மா ஓடுகிறது, பத்து நிமிடம்.
கைபேசியில் சரக்கு எண் இருநூற்றுப் பத்தொன்பது:
பட்டை அரம்பம், லின்ஷோப்பிங், ஐந்து படங்கள்.
இயந்திரத்தை விட்டுவிட்டு
அதன் அடியில் தரையைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்,
எண்ணெய்க் கறை எவ்வளவு பழசு என்று.

2086 ஏற்கெனவே விலை கேட்டிருக்கிறார்.