இசைகுடிமானம், பள்ளத்தூர்

வியாழக்கிழமை மாலை நாலரை மணிக்கு
என் அட்டையைக் கதவு மறந்துபோனது.
சனிக்கிழமை விடியும்போது பள்ளத்தூரில் இருந்தேன்,
வர மாட்டேன் என்று எழுதிப்போட்ட கல்யாணத்தில்.
"லீவு கிடைச்சிருச்சா, உமையாள்?"
கிடைத்தது அயித்தை.
நிறையவே கிடைத்தது.

விலகல் அறிக்கையை நானேதான் எழுதினேன்.
அந்த மின்னஞ்சல் அமைச்சருக்குத் தெரியாமல் போனது,
முழுப் பிழையும் என்னுடையது, இப்படி நாலு வரி.
அவருக்காக நான் எழுதிய எல்லாவற்றிலும்
ஒரு காற்புள்ளியைக்கூட நகர்த்தாமல்
அவர் ஒப்புக்கொண்டது அதை மட்டும்தான்.
நல்ல நடை, என்றார்.

காலைப் பந்தியில் பக்கத்து இலை, தேவகோட்டைக்காரர்,
கவுனி அரிசியை ஒதுக்கிவிட்டுக் கேட்டார்:
"லண்டன்ல மந்திரியாமே நீங்க?"
இல்லை. மந்திரிக்கு யோசனை சொல்கிறவள்.
"மந்திரம்னாலே யோசனைதானே?
அப்ப நீங்கதானே மந்திரி.
அவரு யாரு?"

அவர் யார்.
பெரிய கட்சிக்காரர்கள் எதிரே உட்கார்ந்தால்
நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறவர்.
அவர்கள் ஐந்து, நாம் ஒன்று, என்று
காரில் ஏறியதும் விரல்விட்டு எண்ணுகிறவர்.
என் அம்மா இறந்த வாரம் தினமும் கூப்பிட்டார்.
அதையும் சொல்ல வேண்டும்.

எதிர்த்தரப்பு என்று சொல்லக்கூடாத எதிர்த்தரப்பில்
என்னைப் போலவே ஒருவன், ரோரி.
பகலில் அவன் அமைச்சரைப் பற்றி நானும்
என் அமைச்சரைப் பற்றி அவனும்
பெயர் போட வேண்டாம் என்று பத்திரிகைக்குச் சொல்லிவிட்டு
இரவு பதினொன்றுக்கு ஒரே சிப்ஸ் பொட்டலத்தில் கைவிட்டபடி
மறுநாள் ஒற்றுமையை எழுதுவோம்.
"கொள்கை அளவில்" என் சரக்கு.
"நிதிநிலை இடம் கொடுத்தால்" அவனுடையது.
இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால்
எங்கோ ஒரு பள்ளிக்கூடம் கட்டப்படாமல் போகும்.

வளவில் ஜமக்காளம் விரித்தாயிற்று.
மாத்தூர் கோயில் வீட்டார் இந்தப் பக்கம்,
இரணியூர் கோயில் வீட்டார் அந்தப் பக்கம்.
நடுவில் சித. வைரவன்,
மஞ்சள் தடவிய தாள்,
மூக்கு நுனியில் நிற்கும் கண்ணாடி.
இன்னார் மகனுக்கு இன்னார் மகளை, என்று
ஓடிக்கொண்டிருந்த பேனா
மாமியார் சாமானில் நின்றது.
வெள்ளி எத்தனை என்று எழுதிவிடலாமே, என்றது அந்தப் பக்கம்.
இந்தப் பக்கம் மின்விசிறியைப் பார்த்தது.
எனக்கு இந்த அமைதி தெரியும்.
இதற்குள் ஐந்து நாள் குடியிருந்திருக்கிறேன்,
ஆறிப்போன பிட்சாவோடு.

வைரவன் யாரையும் பார்க்கவில்லை.
எழுதினார். வாசித்தார்.
"தோதுபோல."

அந்தப் பக்கம் தலையாட்டியது. இந்தப் பக்கமும்.
நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
அயித்தை தொடையில் கிள்ளினாள்.

அப்போதுதான் கைபேசி. லண்டன் எண்.
என் நாற்காலியில் இப்போது ஒரு குரல்,
இருபத்துநாலு வயது இருக்கலாம்:
வீட்டுவசதிக் கோப்பு எங்கே,
கோபமாக இருக்கும்போது அவரிடம் எப்படிப் பேசுவது?
இரண்டாவது அலமாரி, என்றேன்.
அடுத்ததற்கு
நாதசுரம் வந்து என்னைக் காப்பாற்றியது.

கையெழுத்துகள் முடிந்து கூட்டம் கலைந்தபின்
வைரவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.
அண்ணே, பின்னால் சண்டை வந்தால்
அந்தத் தோதுபோலவுக்கு யார் பொறுப்பு?
அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.
"எழுதுனவன் பேரு இதுல எங்க இருக்கு, தேடிப் பாரு."

தேடினேன்.
இரண்டு தகப்பன்மார், இரண்டு ஊர், இரண்டு கோயில், தேதி.

என் பெயரும் ஒரு தாளில் இருக்கிறது.
நல்ல நடை.

"மூணாம் பந்தி போட்டாச்சா?" என்று
யாரையோ கேட்டபடி அவர் எழுந்துபோனார்.