எதுக்குச் சமம்

ராமநாதபுரம் அலுவலகத்தில்
மூன்றாம் மேசைக் கோட்டைச்சாமி
என் சான்றிதழை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்,
ஐந்நூறு ரூபாய் நோட்டைப் பார்ப்பதுபோல.
"முதுகலை டிப்ளமோ...
அப்படின்னா எம்.எஸ்ஸியா, இல்லையாம்மா?"

இல்லை சார்.
நூற்றெண்பது கிரெடிட் எடுத்தால் எம்.எஸ்ஸி.
என்னிடம் இருப்பது நூற்றிருபது.
மிச்சம் அறுபதும் ஆய்வேடு.
அதை எழுதாமல் கிளம்புகிறவரை
வெறுங்கையோடு அனுப்ப மனசில்லாமல்
அவர்கள் தருவது இது.
வெளியேறும் பட்டம் என்று பேர்.

"வெளியேறுறதுக்கு ஒரு பட்டமா?"
பேனாவை மூடி வைத்துவிட்டார்.

மதுரை ஏஜென்ட் வழுவழுத் தாளில்
எல்லாவற்றையும் விரித்துக் காட்டினான் அன்றைக்கு.
ப்ளஸ் டூ போதாதவர்க்கு அடித்தள ஆண்டு.
இளங்கலை மூன்று வருடம்,
ஸ்காட்லாந்து என்றால் நான்கு, ஆனர்ஸோடு.
வகுப்பில் உட்கார்ந்து வாங்கும் முதுகலை ஒன்று,
ஆய்வு மட்டும் செய்து வாங்குவது இன்னொன்று.
நடுவில் ஒரு வருடம் வேலைக்கு அனுப்பினால்
அதற்கு சாண்ட்விச் என்றான்.
அப்பா அங்கேதான் முதல்முறை சிரித்தார்.
"றாலுக்குக் கவுண்ட் பாக்கிற மாதிரிதான்.
இருபது கவுண்ட், முப்பது கவுண்ட்.
கரையில இருக்கிறவன் சொல்றதுதான் வெல."

ஒரு கிரெடிட் என்பது பத்து மணி நேரம்.
அபர்டீனில் நான் ஆயிரத்து இருநூறு மணி நேரம்
பாசி தின்னும் நைட்ரஜனைக் கணக்குப் பண்ணினேன்.
மன்னார் வளைகுடாப் பாசி, உலர்த்தி,
அம்மா சேலைக்குள் சுற்றிக் கொண்டுபோனது.
விமான நிலையத்தில் அதைப் பிரித்து மோந்தவன்
தும்மினான்.

பிறகு ஒரு ஜூலை.
என் மூன்றாம் தவணை கட்டவேண்டிய வாரத்தில்
தம்பி ரெக்சனை நெடுந்தீவுப் பக்கம் பிடித்துப்போனார்கள்.
போட்டும் போனது, வலையும்.
தவணைக்கு வைத்திருந்த பணம்
வக்கீலுக்கும் வட்டிக்கும்
வீட்டுச் சோற்றுக்கும்.
யாரும் என்னைத் திரும்பி வா என்று சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் ஒருவேளை சண்டை போட்டு
அங்கேயே இருந்திருப்பேன்.

அவனுக்கும் அந்த நாட்டில் ஒரு தாள் கொடுத்தார்கள்.
சிங்களத்தில். முத்திரை, கையெழுத்து, எண்.
ஒத்திவைத்த தண்டனை, ஐந்து வருடம்.
அதற்குள் இன்னொரு தரம் கோட்டைத் தாண்டினால்
உள்ளே.
அந்தத் தாள் எதுக்குச் சமம் என்று
எந்த மேசையிலும் அவனை யாரும் கேட்டதில்லை.

"ஒண்ணும் போடாம விட முடியாதும்மா,
காலம் காலியா இருந்தா திருப்பி அனுப்பிருவாங்க."
கோட்டைச்சாமி பென்சிலால் எழுதினார்:
பி.எஸ்ஸி.க்கு மேல். எம்.எஸ்ஸி.க்குக் கீழ்.
எழுத்து நேர்த்தியாகத்தான் இருந்தது.
மாலை பஸ்ஸில் பாம்பன் பாலம் ஏறும்போது
கீழே போட்டுகள் நின்றன.
நாளைக்கு டோக்கன் இல்லாத நாள்.

வீட்டில் ஒரே பிளாஸ்டிக் கவரில்தான்
இரண்டு தாளும் கிடக்கின்றன.
வெள்ளத்துக்கு பயந்து
அம்மா ரப்பர் பேண்ட் போட்டு வைத்தது.
எடுத்த கிரெடிட்டுக்கும்
ஐந்து வருடம்தான் ஆயுள் என்று ரெக்சனிடம் சொன்னேன்.
அதற்குள் திரும்பிப் போய்
அந்த அறுநூறு மணி நேரத்தை எழுதினால்
முழுசாகும்.
போகாவிட்டால்
பென்சிலில் எழுதியதுதான் நிற்கும்.

மீன்முள்ளால் பல் குத்திக்கொண்டிருந்தவன் கேட்டான்:
"ரெண்டுல எது முதல்ல முடியுது?"

என்னுது. அக்டோபர்ல.

முள்ளைத் துப்பினான்.
நாட்காட்டியை எடுத்து
எனக்குக் காட்டாமல் புரட்டினான்,
வாடை தொடங்காத மாதம் அது என்று
தனக்குத்தானே சொல்லிக்கொண்டு.