சுழி

தருமபுரி கலைக்கல்லூரி, இருட்டறை.
சோடியம் விளக்கு மஞ்சளுக்கு வரப் பத்து நிமிடம்.
அதுவரை மாதேஸ்வரி ரெக்கார்டு நோட்டின் கடைசித் தாளில்:
படகு. பகடு.
"பகடுன்னா எருது. அதே ஒலிதான்டி, இடம் மாறி உட்கார்ந்திருக்கு.
ஒண்ணு மிதக்கும், ஒண்ணு முட்டும்."

இன்றைக்கு வந்தது அதைவிடக் கஷ்டம்.
யாரும் யார் பக்கத்திலிருந்தும் எழவில்லை,
கண்ணாடிக்குள் போய்த் திரும்பியது போல
கை மட்டும் மாறியிருக்கிறது.

முதல் குப்பி, புளியின் அமிலம்.
ஒளியை வலப்பக்கம் சாய்த்தது.

இரண்டாவது, சுழிமாய்க் கலவை.
வலஞ்சுழி பாதி இடஞ்சுழி பாதி
இழுத்த இழுப்பில் பூஜ்ஜியம்.
எங்கள் வீடுதான்.
அப்பாவுக்கு நான் பி.எட்.,
அம்மாவுக்கு ஓசூர் கம்பெனி வேன்,
விடியுமுன் பாலக்கோடு ரோட்டில் ஹாரன் அடிக்குமே, அது.
வெளியே நின்று கேட்டால் சத்தமே இருக்காது.

மூன்றாவது மீசோ.
அதுவும் பூஜ்ஜியம்.
"இதுவும் கலவையா மேம்?"
"இல்ல. ஒரே மூலக்கூறு.
மேல்பாதி வலம்னா கீழ்பாதி இடம்,
தனக்குள்ளயே தீர்த்துக்கிச்சு.
அடுத்த பேட்ச் வாங்க."

0.0 எழுதினேன்.
பேனாவை மூடவில்லை.
கலவையைப் பிரித்துவிடலாமாம், பொறுமை இருந்தால்.
இதைப் பிரித்தால்
இதுவே இருக்காது.

நாளைக்குள் பதில் சொல்லச் சொன்னார் வேன்காரர்.

குழாயைக் கழுவி வைத்தேன்.
காலையில் கொட்டை எடுத்த புளி
நகக்கண்ணில் இன்னும்.
அது மட்டும்
வலப்பக்கமாக.