டயருக்கு நவம்பர்

நவம்பர் முதல் ஞாயிறு
ஒஹையோவில் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுகிறார்கள்.
கோத்தகிரியில் என் ஷிப்ட் சரிகிறது.
ஆறரைக்குத் தொடங்கியது ஏழரைக்கு,
விடிகாலை மூன்றரைக்கு முடிந்தது நாலரைக்கு.

எனக்கு மெயில் வந்துவிட்டது.
டயருக்கு யார் சொல்வது?

மெக்கானிக் கடையில் தேய்ந்த டயருக்குள்
சுருண்டு கிடந்த குட்டி.
பெயருக்கு நான் ரொம்ப யோசிக்கவில்லை.
மூன்றரைக்கு லேப்டாப்பை மூடினால்
எனக்கு ரசம், அதற்கு ஈரல் போட்ட குழைசாதம்.
மூன்று வருடமாக இதுதான் எங்கள் ராச்சாப்பாடு.

ஒரு வாரம் முன்பே ஆரம்பித்தேன்,
நாளுக்குப் பத்து நிமிடம், மருந்து அளக்கிற மாதிரி.
மூன்று நாற்பது.
மூன்று ஐம்பது.
தட்டை முகர்ந்தது, என்னைப் பார்த்தது,
மறுபடி தட்டை முகர்ந்தது.
வியாழக்கிழமை தோற்றேன்.
ஒரு பிஸ்கட்.
சரி, மூன்று.

வெளியே கூட்டிப்போய் மறக்கடிக்கலாம் என்றால்
கீழ் வளைவில் சிறுத்தை.
போன மாதம் போஜன் அண்ணன் வீட்டில்
காலையில் சங்கிலி மட்டும் இருந்தது.

புது நேரத்தின் முதல் ராத்திரி,
சரியாக மூன்றரைக்கு எழுந்தது.
தட்டுப் பக்கம் திரும்பவே இல்லை.
கதவருகே போய்க் காதை நிமிர்த்தி நின்றது.
நான் ஹெட்போனைக் கழற்றினேன்.

கூக்கல்தொரை கேரட் லாரி.
கழுவின மூட்டைகளிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட
வளைவில் கியர் மாற்றி
ஒருமுறை இருமிவிட்டு இறங்கிப் போனது.
இத்தனை நாளும் இது போய்க்கொண்டிருந்திருக்கிறது,
என் காதில்தான் ஒஹையோ.

மேட்டுப்பாளையம் மண்டிக்கு
யார் கடிகாரத்தை எங்கே தள்ளினாலும் ஒன்றுதான்.
ஆக, நான் அளந்து கொடுத்த பத்துப் பத்து நிமிடங்கள்
டயருக்கு வெறும் தாமதமான சோறு.

மைக்கை அணைக்க மறந்திருந்தேன்.
அங்கே சாயங்காலம் ஐந்து.
"என்ன சத்தம்?" என்று டெபி கேட்டாள், கொட்டாவியோடு.
சொன்னேன்.
அவள் பூனைக்கும் யாரும் சொல்லவில்லையாம்.
புது மணிப்படி ஐந்துக்கே அவள் முகத்தில் ஏறி உட்கார்ந்து
பசி என்றதாம்.
கொஞ்ச நேரம் இரண்டு பேரும்
இன்ஷூரன்ஸ் பில் எதையும் பார்க்கவில்லை.

இப்போது தினமும் மூன்றரைக்கு
ஐந்து நிமிடம் இடைவேளை போடுகிறேன்.
காரணம் என்ற கட்டத்தில் 'கேரட்' என்று எழுதினேன்.
டெபி ஒப்புதல் கொடுத்துவிட்டாள்.
கதவிடுக்கில் நானும் டயரும் நின்று
லாரியின் பின்சிவப்பு மூடுபனிக்குள் கரைவதைப் பார்க்கிறோம்.

சோறு நாலரைக்குத்தான்.
அதைப் பற்றிய பேச்சுவார்த்தை
இன்னும் முடியவில்லை.